எங்கள் ஓட்டைப் பேரம் பேசாதீர்கள்
சுங்கை சிப்புட் வட்டார ஆலய நிர்வாகங்களுக்கும் சமூகச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

மலேசியாவின் அடுத்த பொதுத்தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். முன்கூட்டியே வந்தாலும் வரலாம். ஆனால் நம் ஊரில் பேரம் இப்போதே தொடங்கிவிட்டது. எந்த ஆலயம் யார் பக்கம், எந்தச் சங்கத்தின் கையில் எத்தனை ஓட்டு, எந்த ஆளை நிறுத்தினால் எந்தக் கூட்டம் வரும் என்று சாப்பாட்டுக் கடையிலும் கல்யாண மண்டபத்திலும் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சில் எங்கள் பெயர் அடிபடுகிறது, எங்கள் வீட்டு ஓட்டும் அடிபடுகிறது. எங்களிடம் வந்து கேட்டவர் மட்டும் யாரும் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் இந்த ஊர்க்காரி. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். டவுனில் சின்னதாக ஒரு போட்டோஸ்டாட் கடை நடத்துகிறேன். ஆலயத்தில் உறுப்பினர், சந்தா பாக்கி கிடையாது. ஒரு பொதுத்தேர்தலில் ஓட்டு எண்ணும் அறையில் ஒரு கட்சியின் முகவராக உட்கார்ந்திருக்கிறேன்; எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. எந்த ஆலயத்தின் பெயரையும் சங்கத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் இதில் எழுதப்போவதில்லை. கடைக்குத் தாள் கொண்டுவருகிறவர்கள் என்னை நம்பித்தான் கொண்டுவருகிறார்கள். அப்புறம், இது ஒரு கோயிலின் சங்கதியும் இல்லை. பேராக்கிலோ கெடாவிலோ சிலாங்கூரிலோ தோட்டம் இருந்து டவுனான எந்த ஊர்க்காரர் படித்தாலும் தன் ஊரைச் சொல்வதாகத்தான் நினைப்பார்.

திருவிழா உபயப் பட்டியலில் இருந்து ஆரம்பிக்கிறேன். பத்து நாள் திருவிழா என்றால் பத்து உபயம். முதல் நாள் யார், தேர் அன்றைக்கு யார், தீமிதிக்கு அன்னதானம் யார் என்பதெல்லாம் பெரும்பாலும் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தபடியே டவுனுக்கு வந்தவை. எந்த நாள் எந்தச் சாதிக்காரர் உபயம் என்று பட்டியலில் எழுதியிருக்காது. எழுத வேண்டியதும் இல்லை, ஊருக்கே தெரியும். இதுவரை அது கோயில் விஷயமாக இருந்தது. சென்ற ஆண்டு கடைக்கு வந்த பட்டியலோ வேறு மாதிரி. உபயக்காரர்களோடு தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளையும் சேர்த்திருந்தார்கள். பெயர், கைப்பேசி எண், வீட்டில் எத்தனை ஓட்டு, அதற்கு அடுத்த கட்டத்தில் ஒற்றை எழுத்து. நான்கைந்து எழுத்துகள் மாறி மாறி வந்தன. எந்த எழுத்து யாருக்கு என்று புரிந்துகொள்ள எனக்கு நேரமாகவில்லை, என் வீட்டுப் பெயருக்கு எதிரேயும் ஒன்று இருந்ததே. சில வீடுகளுக்கு எழுத்தே இல்லை, சிலுவைக்குறி மட்டும். நாற்பது பிரதி கேட்டார்கள். முடியாது என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். “சும்மா ஒரு கணக்குக்குத்தான்கா” என்றார் கொண்டுவந்த தம்பி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கணக்கு எழுதச் சொன்னவர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கை முதலில் போட்டவன் வெள்ளைக்காரத் துரை. ஆள் வேண்டும் என்றால் தொழிலாளிகளை மேய்க்கிற கங்காணியை அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பினான். கங்காணி தன் சொந்தத்தையும் தன் சாதிசனத்தையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். லயமும் அதற்கேற்றபடி பிரிந்தது. இந்த லயம் இவர்களுக்கு, அந்தக் கடைசி லயம் அவர்களுக்கு என்று ஆனது. தொழிலாளிகள் ஒன்றுசேராமல் இருந்தால் துரைக்கு லாபம், தன் ஆட்கள் தன்னைத் தாண்டிப் போகாமல் இருந்தால் கங்காணிக்கு லாபம். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதோடு கங்காணி முறையும் முடிந்தது. அதற்குப் பிறகு தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள், ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், சனங்கள் தாமானுக்கும் மலிவுவிலை வீட்டுக்கும் வந்து சேர்ந்தார்கள். இன்று நம் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதை வங்கிக் கடன்தான் தீர்மானிக்கிறது. தொழிற்சாலை பஸ்ஸில் யாரும் சாதி கேட்பதில்லை. சாப்பாட்டுக் கடையிலும் கேட்பதில்லை. பிறப்புப் பத்திரத்தில் இனம் உண்டு, மதம் உண்டு, சாதி கிடையாது. மலேசிய அரசாங்கத்தின் பாரங்களில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

மூன்று இடங்களில்தான் அது இன்னும் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறது: கல்யாணப் பேச்சு, கோயில் பதவி, கட்சிக் கிளை. கல்யாணப் பேச்சைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். மற்ற இரண்டும் கைகோர்க்கிற இடத்தில்தான் எங்கள் ஓட்டு விலைபோகிறது. மலேசிய இந்தியக் காங்கிரஸின் (ம.இ.கா.) உட்கட்சித் தேர்தல்களில் சாதி அணிகள் எப்படி வேலை செய்தன என்று ஆய்வாளர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் படித்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும் இல்லை. மற்ற கட்சிகள் ஊருக்குள் வந்தால் இந்தப் பழக்கம் போய்விடும் என்று 2008-இல் பலர் நம்பினோம். கொடி மாறியது, கிளைத் தலைவர்கள் மாறினார்கள். கணக்கு மாறவில்லை.

போன குடும்ப தின விழா ஒன்றில் உங்களில் ஒருவர் மேடையேறி, “தமிழ்நாட்டில் சாதி பார்க்காமல் ஒரு தொகுதியாவது கொடுக்கிறார்களா? நாம் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?” என்று கேட்டார். கைத்தட்டல் பலமாகவே இருந்தது. சரி, தமிழ்நாட்டுக் கதையையே கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவோம். கைப்பேசியில் வருகிற மீசை முறுக்கும் வீடியோக்களை வைத்துப் பேச வேண்டாம்.

1952-இல் சென்னை மாகாணத்தில் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 இடங்கள்தான் கிடைத்தன. ஆட்சி அமைக்க அது போதாது. வன்னியர்களைத் திரட்டி நின்ற இரண்டு கட்சிகளில் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்கள், காமன்வீல் கட்சிக்கு 6 இடங்கள். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலர் ராஜாஜியின் அமைச்சரவையில் சேர்ந்தார். உழைப்பாளர் கட்சியின் இராமசாமி படையாட்சியார் பிறகு காமராசரின் அமைச்சரவையில் சேர்ந்தார். ஆற்காட்டுப் பக்கமும் சேலத்துப் பக்கமும் அந்த மக்கள் லட்சக்கணக்கில் நெருக்கமாக வாழ்ந்ததால் அவர்களுடைய ஓட்டு அப்படியே தொகுதியாக மாறியது. 1987-இல் வன்னியர் சங்கம் சாலை மறியல் நடத்தியது, உயிர்களும் போயின. 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கோ சட்டமே வழி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44 அவர்களுக்கான தனித்தொகுதிகள். மிதிபட்டுக் கிடந்தவர்கள் ஒன்றுசேர்ந்து ஓட்டுப் போட்டுச் சட்டமன்றத்துக்குள் போனதை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே அந்தத் திரட்சிக்கு ஒரு நியாயம் இருந்தது, கையில் வாங்கிய பலனும் இருந்தது.

அதே கதையின் இன்னொரு பாதியை மேடையில் யாரும் சொல்வதில்லை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற ஊராட்சிகளின் தலைவர் பதவியை 1996-இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கினார்கள். ஆதிக்க சாதிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மனுப் போட ஆள் வரமாட்டார். வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. 2006 வரை பத்து ஆண்டுகள் இப்படியே ஓடியது. அதே மாவட்டத்து மேலவளவில் ஊராட்சித் தலைவராக ஜெயித்த முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். நம் மேடையில் கைத்தட்டல் வாங்கியது இந்த இரண்டு பாதிகளில் எது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்தியச் சட்டமும் சாதி ஓட்டுக்குப் பச்சைக்கொடி காட்டிவிடவில்லை. சாதி, மதம், இனம், மொழி பெயரால் ஓட்டுக் கேட்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. வேட்பாளரின் சாதி, மதம் மட்டுமல்ல, ஓட்டுப் போடுகிறவரின் சாதி, மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. நடைமுறையில் அது எவ்வளவு மீறப்படுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அங்குள்ள மக்கள் எப்போதும் எழுதிவைத்த கணக்குப்படியே ஓட்டுப் போடுவதில்லை. அயோத்தி அடங்கியிருக்கிற ஃபைசாபாத் தொகுதியில், ராமர் கோயில் திறந்து சில மாதங்களிலேயே, 2024-இல் பாஜக தோற்றது. ஜெயித்தவர் சமாஜ்வாதி கட்சியின் அவதேஷ் பிரசாத், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். அது தனித்தொகுதியும் அல்ல, பொதுத்தொகுதி.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்த நாட்டு மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடு. நாடாளுமன்றத்தில் 222 இடங்கள், இந்தியர் பெரும்பான்மையாக இருக்கிற தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. சுங்கை சிப்புட்டில் நாம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மீதி சீனர்கள், மலாய்க்காரர்கள், பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்கள். அப்படியிருந்தும் 1959 முதல் 2022 தேர்தல் வரை இந்தத் தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர்கள் நான்கே பேர்: துன் சம்பந்தன், சாமிவேலு, டாக்டர் ஜெயக்குமார், கேசவன். நால்வரும் இந்தியர்கள். இவர்களில் யாராவது தன் சாதி ஓட்டால் ஜெயித்திருக்க முடியுமா? இந்தியர் ஓட்டு முழுவதும் ஒருவருக்கே விழுந்தாலும் அது மட்டும் போதாது. சீனர் தந்த ஓட்டிலும் மலாய்க்காரர் தந்த ஓட்டிலும்தான் ஒவ்வொருவரும் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். ஏற்கெனவே ஐந்தில் ஒன்றாக இருக்கிற நம்மை நான்காகவும் ஐந்தாகவும் பிரித்து எழுத்துப் போட்டால் மிஞ்சுவது சில நூறு. அதை வைத்துத் தொகுதியை ஜெயிக்க முடியாது. அந்தச் சில நூறைக் காட்டி ஒருவர் தனக்கு ஒரு நியமனமோ குத்தகையோ வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

2008-ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1974 முதல் இங்கே ஜெயித்துவந்த, அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த ஒருவரை, இதே தொகுதியில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்ற ஒரு டாக்டர் 2,000-க்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். சங்கங்களும் ஆலயத் தலைவர்களும் பெரும்பாலும் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று ஊருக்குத் தெரியும். அதற்கு முந்தைய நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூரில் இந்து உரிமை இயக்கமான இண்ட்ராப் நடத்திய பேரணிக்குப் போய்த் தண்ணீர் பீரங்கியிலும் கண்ணீர்ப் புகையிலும் நனைந்து திரும்பிய பிள்ளைகள் இந்த ஊரிலும் உண்டு. அந்தப் பிள்ளைகள் சொல்லித்தான் பல வீடுகளில் பெரியவர்கள் ஓட்டை மாற்றிப் போட்டார்கள். “அதுவும் இன ஓட்டுதானே?” என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், அதுவும்தான். கோயில் உடைபடுகிறது, பிள்ளைக்கு வேலை இல்லை, கேட்க நாதியில்லை என்ற வயிற்றெரிச்சல் அது. அதைத் தெருவில் இறங்கி, பகலில், எல்லார் முன்னாலும் சொன்னார்கள். பக்கத்தில் நடந்தவர் என்ன சாதி என்று யாரும் விசாரிக்கவில்லை. அதனால்தான் அது மற்ற இனத்தாரின் காதிலும் விழுந்தது.

“எங்கள் பேச்சுக்கு முந்நூறு ஓட்டு விழும்” என்று வேட்பாளர்களிடம் நீங்கள் சொல்லும் வாக்கைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டு எண்ணி முடித்ததும் ஒவ்வொரு சாலுரானுக்கும் (ஓட்டுப் போடும் அறைக்கும்) போராங் 14 என்ற படிவம் எழுதுவார்கள். எந்த வேட்பாளருக்கு எத்தனை, செல்லாதது எத்தனை என்று அதில் இருக்கும். முகவர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி வாங்கிக்கொள்வோம். அதற்குக் கீழே போய்ப் பார்க்க யாராலும் முடியாது. சாலுரானைப் பிரிப்பது வயதுப்படி: முதல் சாலுரானில் முதியவர்கள், கடைசிச் சாலுரானில் இளையவர்கள். ஒரே வீட்டுத் தாத்தாவும் பேத்தியும் வேறு வேறு அறையில் ஓட்டுப் போடுகிறார்கள், அவர்களோடு அதே வயதுச் சீனர்களும் மலாய்க்காரர்களும் போடுகிறார்கள். சாதிவாரியாகக் கணக்கு எந்தப் போராங்கிலும் இல்லை. ஆக, முந்நூறு ஓட்டு வாங்கித் தந்தேன் என்று உங்களால் காட்டவும் முடியாது, தரவில்லை என்று அவர்களால் மறுக்கவும் முடியாது. இல்லாத சரக்குக்கு ஊர் பெயரைச் சொல்லி முன்பணம் வாங்குகிறீர்கள். ஓட்டுச்சீட்டில் எண் இருக்கிறது, யாருக்குப் போட்டோம் என்று தலைவருக்குத் தெரிந்துவிடும் என்று இன்னமும் பயப்படுகிற பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர்கள் நீங்கள். சிலர் அதையே வளர்த்துவிடுகிறீர்கள்.

இன்னொன்று, கற்பூரச் சத்தியம். அம்மன் சன்னதியில் கற்பூரம் ஏற்றி, இன்னாருக்குத்தான் போடுவோம் என்று கையடித்து வாங்குவது. போன தேர்தலிலும் நடந்தது. 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் இந்த நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஓட்டுக்காகப் பணம் கொடுப்பதும், விருந்து வைப்பதும் அதில் குற்றம். உடலுக்கோ பிழைப்புக்கோ கேடு வரும் என்று மிரட்டுவதோடு, ஆன்மிகக் கேடு வரும் என்று மிரட்டுவதையும் அந்தச் சட்டம் சேர்த்தே சொல்கிறது. சத்தியத்தை மீறினால் அம்மா கண்ணைப் பறிப்பாள் என்று எழுபது வயது ஆயாவிடம் சொல்வது வேறு என்ன? சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் தாய் தகப்பன் வெட்டுக்காட்டில் கல்லை நட்டு, மஞ்சள் பூசி, கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய கோயில் அது. அந்தச் சன்னதியில் நின்றுகொண்டு ஒரு வேட்பாளருக்காக அம்மனின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்த உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. கோயில் நிலம்தான் எல்லாவற்றுக்கும் அடி. தோட்ட நிர்வாகம் வாய்வார்த்தையாக விட்ட இடத்தில் நாம் கோயில் கட்டினோம், கிராண்ட் (நிலப்பட்டா) கிடையாது. தோட்டம் கைமாறியது, மேம்பாட்டாளர் வந்தார், ஒரு காலைப்பொழுதில் கடிதம் வந்தது: முப்பது நாளில் இடத்தைக் காலிசெய். நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. நில அலுவலகத்தில் மனு நகர வேண்டும், ஆட்சிக்குழு கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு ஒரு ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) தொலைபேசி எடுத்துப் பேச வேண்டும். அந்த ஒய்.பி.யிடம் வெறுங்கையோடு போக முடியாது, ஓட்டைக் காட்டித்தான் பேச வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கோயிலைக் காப்பாற்ற அலைந்து செருப்புத் தேய்ந்த செயலாளர்கள் உங்களில் இருக்கிறார்கள். அவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் இத்தனை தேர்தலாக இப்படிப் பேரம் பேசி எத்தனை கோயிலுக்குக் கிராண்ட் வந்தது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். வருவது மாதிரிக் காசோலை, கூடாரம், நாற்காலி, அரிசி மூட்டை. நிலம் கொடுத்துவிட்டால் அடுத்த தேர்தலில் உங்களை வரவழைக்க முடியாதே. ஒவ்வொரு கோயிலும் தனித்தனியாகக் கையேந்துகிறவரை இது இப்படியேதான் ஓடும்.

சாதிச் சங்கங்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதும் நியாயமில்லை. கோயிலுக்குள் தேர்க்கயிறு தொடக்கூட விடாத காலத்தில், தங்கள் பிள்ளைகளின் படிப்புக்கும் இறுதிச் சடங்குக்கும் தாங்களே சேர்ந்து வழி செய்துகொண்டவர்கள் உண்டு. என் குடும்பமும் அதில் ஒன்று. அவமானப்பட்டவர் கூடி நிற்பதும், அவமானப்படுத்தியவர் கூடி நிற்பதும் ஒன்றாகாது. கல்வி நிதி கொடுங்கள், மணமக்களை வாழ்த்துங்கள், மரணச் செலவுக்கு உதவுங்கள். அதற்குத்தான் சங்கம் வைத்தோம். உங்கள் உறுப்பினர் பட்டியல் ஒரு வேட்பாளரின் நடவடிக்கை அறைக்குப் போகும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சிலுவைக்குறி போட்ட வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களில் ஒரு வீட்டு அம்மாவும் என் அம்மாவும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற ஒரே பெரட்டில் நின்று, ஒரே மலையில் பால் வெட்டி, ஒரே ஆயக்கொட்டகையில் பிள்ளைகளை விட்டுப் போனவர்கள். அந்த அம்மா மாதா கோயிலுக்குப் போவதால் அவர் ஓட்டு எந்த வகையில் சந்தேக ஓட்டு ஆனது? நம் ஊரில் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. பட்டியலில் அவர்களைச் சேர்க்கவே இல்லை. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கிற முதியவர்களும் அதில் இல்லை. இந்த மண்ணில் பிறந்து, ஆயுள் முழுவதும் இங்கேயே உழைத்து, குடியுரிமைப் பத்திரம் கிடைக்காமல் ஓட்டே இல்லாதவர்கள். ஓட்டு இல்லாததால் எந்தச் சங்கத்தின் கணக்கிலும் அவர்கள் வருவதில்லை. தேர்தலில் நாம் வாய் திறக்க வேண்டியது முதலில் அவர்களுக்காகத்தான்.

மலாய்க் கட்சிகள் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்கும்போது நமக்கு வலிக்கிறது. 2022-இல் இஸ்லாமியக் கட்சியான பாஸ் நாடாளுமன்றத்தில் தனிப்பெரும் கட்சியாக வந்த இரவில், நம்மவர்கள் வாட்சப்பில் எவ்வளவு பயந்துபோய் எழுதினார்கள் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். மலாய்க்காரர் என்றால் யார் என்பதற்கு அரசியலமைப்பே இஸ்லாத்தையும் சேர்த்துத்தான் விளக்கம் தருகிறது. அங்கே இனமும் மதமும் பின்னிக்கிடக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளிலேயே, “மதத்தை ஓட்டுக்கு இழுக்காதே” என்று தங்கள் பெரியவர்களிடம் மல்லுக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சூராவில் (சிறு தொழுகைக்கூடத்தில்) அரசியல் பேசக் கூடாது என்று நாம் கேட்கிறோம். அவர்கள் நம் கோயில் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தால் நாம் என்ன பதில் சொல்வோம்?

சேர்ந்து நின்ற கதை நமக்கும் உண்டு. 1960-இல் தோட்டங்களைத் துண்டாடி விற்றுத் தொழிலாளிகள் நடுத்தெருவுக்கு வந்தபோது, இந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார்கள். பால் வெட்டுகிறவர்கள் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கி, தாங்கள் வேலை செய்ததைப் போன்ற தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். எல்லா லயத்துப் பணமும் ஒரே பெட்டியில் விழுந்தது. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

2021 டிசம்பரில் இருந்து 18 வயதானால் ஓட்டு உண்டு, பதிவும் தானாகவே நடந்துவிடுகிறது. 2018-இல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022-இல் இரண்டு கோடியே பத்து லட்சத்தைத் தாண்டியது. கடைசிச் சாலுரானில் நிற்கப்போகிற நம் பிள்ளைகள் பலருக்குத் தங்கள் சாதி என்னவென்றே சரியாகத் தெரியாது. அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் ஆள் கோயில் நிர்வாகமாக இருக்க வேண்டாம் என்று தாயாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த தேர்தலுக்கு முன் இதைச் செய்யுங்கள். தொகுதியில் கிராண்ட் இல்லாத கோயில்கள் அத்தனையையும், எந்தச் சாதிக்காரர் நிர்வாகம் என்று பார்க்காமல், ஒரே பட்டியலாக எழுதுங்கள். நில எண், எந்தத் தோட்டம், யார் பெயரில் நிலம் இருக்கிறது, மனு எந்தத் தேதியில் போனது, கோப்பு எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று எல்லாம் இருக்கட்டும். அதனோடு சிவப்பு அடையாள அட்டைக்காரர்களின் மனு விவரம், தமிழ்ப்பள்ளிகளின் தேவை, முன்னாள் தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுப் பிரச்சினை மூன்றையும் சேருங்கள். போட்டியிடுகிற எல்லா வேட்பாளர்களையும் ஒரே நாளில் பொது மண்டபத்துக்கு அழையுங்கள். கோயில் மண்டபம் வேண்டாம். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும், வர விரும்புகிற சீனர்களும் மலாய்க்காரர்களும் வந்து உட்காரட்டும். பட்டியலை எல்லார் முன்னாலும் கொடுத்து, எதை எப்போது செய்வீர்கள் என்று எழுதி வாங்குங்கள். மாலை, பரிவட்டம், பூரண கும்பம் எதுவும் வேண்டாம். அதற்குப் பிறகு யாருக்குப் போடுவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பட்டியல் தயாரிக்க உட்கார்ந்து எழுத ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன், நகல் செலவும் என்னுடையது.

வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஒரு தீர்மானத்தைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மற்ற ஆலயங்களும் சங்கங்களும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்: “நமது உறுப்பினர், உபயக்காரர் விவரங்களை எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் கொடுப்பதில்லை. ஆலய வளாகத்தில் எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகத் தீர்மானமோ சத்தியமோ செய்வதில்லை. நிர்வாகத்தில் உள்ளவர் எவரும் ஆலயத்தின் பெயராலோ சமூகத்தின் பெயராலோ ஓட்டுத் தருவதாக வாக்குக் கொடுப்பதில்லை.” கூட்டத்தில் இதை முன்மொழிய யாரும் எழவில்லை என்றால் நானே எழுந்து முன்மொழிவேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். உங்களில் ஒருவர் கை தூக்குவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஆலய உறுப்பினர் ஒருவர்
சுங்கை சிப்புட், பேராக்